ஐயாயிரம் சுற்றில் ஒரு தட்டல்

அண்ணி ரேஸ் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. இறங்கிய கையோடு, "உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

பானெட்டைத் திறக்கப் போன தங்கை கையை இழுத்துக்கொண்டாள். அந்த எஞ்சினைக் கட்டியதும் அண்ணன், அதற்கு மேப் எழுதியதும் அண்ணன். எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் கணக்குதான் மேப். ஒன்றாகத் தொழில் செய்த அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுப் பிரிந்து, தனித்தனிப் பட்டறை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் மேப்பில் இவள் கை வைப்பது அடிமடியில் கை வைப்பது மாதிரி.

"ஞாயித்துக்கிழமை ரேஸ். எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுத்து தாண்டினா உதறுது. சொன்னா, 'நீ பயந்து காலை எடுக்கிற'ங்கிறார்." அண்ணிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தங்கை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளிகள். விளக்கில் திருப்பினால் சில வெள்ளியாய் மின்னின. பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியம். பிளக் இருந்த துளை வழியே கேமராவை விட்டுப் பார்த்தாள். பிஸ்டன் விளிம்பில் லேசான அரிப்பு, அவ்வளவுதான். ஓட்டை விழவில்லை.

காரை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டினாள். நின்ற இடத்திலேயே சக்கரம் ஓடும், சக்தி திரையில் தெரியும். எஞ்சினில் மைக்கைப் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முடுக்கினாள். ஐயாயிரத்தைத் தொட்டதும் தகர டப்பாவில் ஆணி குலுங்குவதுபோல் கிணுகிணுவென்று ஒரு தட்டல். பெட்ரோல் தாறுமாறாக வெடித்துப் பிஸ்டனை அரிக்கும் சத்தம் அது. சட்டென்று காலை எடுத்தாள்.

"பெட்ரோல் போதல. தீப்பொறி முந்திக்குது. அதுகூடப் பரவாயில்ல அண்ணி, தட்டலைக் கண்டுபிடிக்கிற சென்சாரையே யாரோ அணைச்சு வச்சிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ! அவர்தான்."

அண்ணன் வேலை தெரியாதவன் இல்லை. அதுதான் அவளை அரித்தது. "மன்னிச்சிருங்க அண்ணி" என்று போனை எடுத்தாள்.

அரை மணியில் அவன் வந்து நின்றான். "யாரைக் கேட்டு என் மேப்பைத் தொட்ட?"

"இன்னும் தொடல. சென்சாரை ஏன் அணைச்ச?"

"அது பொய் சொல்லுது. சும்மா சும்மா தட்டுது தட்டுதுன்னு கத்துது. நானே காது குடுத்துக் கேட்டேன், ஒரு மண்ணும் இல்ல."

அவள் பதிவான சத்தத்தை ஓடவிட்டு ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள். கண்ணை மூடிக் கேட்டான். "எங்க? சுத்தமா இருக்கே."

அவள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரில் எஞ்சினின் உறுமலோடு அந்தக் கிணுகிணுப்பு பட்டறை முழுக்கச் சிதறியது. கதவோரம் நின்ற அண்ணி, "ஐயோ, இதேதான்!" என்று காதைப் பொத்தினாள்.

அவன் அண்ணியின் கைகளைப் பார்த்தான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"இப்போ தட்டுதா?"

அண்ணி காதிலிருந்து கையை எடுத்தாள். மெல்லக் கேட்டாள்: "அப்போ நான் கூப்பிடறதும் உங்க காதுல விழறதில்லையா? திமிருன்னு நினைச்சு ரெண்டு வருஷமா சண்டை போட்டேனே!"

அவன் வாசல்வரை போனான், திரும்பினான், மறுபடி போனான். கடைசியில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மூணாவது பிளக்கைக் குடு" என்றான். விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

"தீப்பொறியை ரெண்டு டிகிரி பின்னால தள்ளு. மேல் சுத்துல பெட்ரோலைக் கூட்டு. சென்சாரைப் போட்டுவிடு."

சாயங்காலம்வரை விடாமல் ஓட்டினார்கள். தங்கை ஹெட்போனில் கேட்டாள், அவன் திரையில் ஏறி இறங்கும் கோட்டையே முறைத்தான். நானூற்றுப் பன்னிரண்டு குதிரைச்சக்தி முதலில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு ஏற்றினார்கள். தட்டல் இல்லை.

"பதிமூணு குதிரை போச்சே" என்று முனகினான்.

"எஞ்சின் இருக்குல்ல?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணி நாலாவதாக வந்தாள். வண்டி ஓரிடத்திலும் உதறவில்லை. திங்கட்கிழமை காது டாக்டரிடம் போகிறேன் என்றவன் போகவில்லை, செவ்வாயும் சாக்குச் சொன்னான். புதன்கிழமை அண்ணி கையோடு இழுத்துப் போனாள். வழியெல்லாம் எஞ்சினைப் பற்றியே ஓயாமல் பேசிக்கொண்டு வந்தானாம். அவளும் நிறுத்தச் சொல்லவில்லையாம்.