தம்பிக்கு வாங்கிய பிக்

"வழக்கம்போல கெட்டி பிக்தானே, பெரியவரே?" என்று கேட்டுக்கொண்டே இசைக்கருவிக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

கிதார் வாசிக்கும் அண்ணன் தம்பி இருவரில் மூத்தவரைத் தொழிலில் எல்லாரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இளையவர் சின்னவர். அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் கம்பி மீட்டும் வில்லை என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் பிக்தான். வளைந்து கொடுக்காது, கம்பியில் பட்டால் நாதம் உருண்டு திரண்டு வரும். கட்டைவிரலில் பிடி உள்ளவன் கையில்தான் நிற்கும். வளைகிற மெல்லிய பிக்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் விசிறி. "காத்து வாங்குறவங்க வச்சுக்கட்டும்" என்பார் அப்பா.

"மெல்லிசா ஒண்ணு எடுங்க," என்றார் பெரியவர்.

கடைக்காரரின் கை அப்படியே நின்றது. அப்பா கடைசிக் காலத்தில் கெட்டியிலிருந்து நடுத்தரத்துக்கும், அதிலிருந்து விசிறிக்கும் இறங்கியதும், அடுத்த ஆறு மாதத்தில் விரல் மரத்துப்போய்க் கிதாரை மூலையில் சாத்தியதும் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"யாருக்கு?"

பெரியவரின் வலது கட்டைவிரல் மூன்று மாதமாக மரத்துக் கிடந்தது. மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

"தம்பிக்கு," என்றார்.

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னதைத் திருத்தவும் இல்லை. பையைக்கூடக் கேட்காமல் பிக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடி வெளியே வந்தார்.

கடைக்காரர் கெட்டவர் அல்ல. வாய்தான் சும்மா இருக்காது. நாலே நாளில் விஷயம் எல்லா ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் போய்விட்டது. பிரபல இசையமைப்பாளர் ஒருவரின் குழுவோடு எட்டு மாதச் சுற்றுப்பயணம் கிளம்பவிருந்த சின்னவருக்குப் பதிலாக வேறோர் ஆள் அமர்த்தப்பட்டான். குழுவில் அந்த நாற்காலிக்காகச் சின்னவர் ஐந்து வருஷம் காத்திருந்தவர்.

சின்னவர் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வந்து உட்காருடா."

"நாற்காலி போனவன் நின்னுக்கிட்டே பேசிக்கிறேன். கடையில என் பேரை எதுக்குண்ணா இழுத்த?"

பெரியவர் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார். சின்னவரின் பார்வை அவருடைய வலது கைக்கு இறங்கியது.

"உனக்கா?"

பெரியவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்பாவுக்கு வந்தப்போ முடிஞ்ச மட்டும் மறைச்சோம், சரி. உனக்கு வந்ததை என் தலையில கட்டிட்டியே!"

பெரியவர் சலவைச் சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் போட நேரம் பிடித்தது. உதவிக்கு வந்த தம்பியின் கையை விலக்கினார். "நான் கெடுத்ததை நானே போய்ச் சரி பண்றேன். கூட வா."

ஒலிப்பதிவுக் கூடத்தின் நடையில் தம்பியை நிற்கவைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். அவரைவிட இருபது வயது சிறியவரான இசையமைப்பாளர் எழுந்து நின்றார்.

"தம்பிக்கு ஒண்ணுமில்லை. அந்த மெல்லிசு எனக்கு வாங்கினது. கூசாம பொய் சொல்லிட்டேன்."

இசையமைப்பாளர் சிரித்தார். "உங்க வீட்டைப் பத்தித் தெரியாதாண்ணா? தம்பிக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க."

அந்தக் குடும்பத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையே பெரியவரின் குறுக்கே நின்றது. நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது. சுவரோரம் இருந்த கிதாரை எடுத்து மடியில் வைத்தார். இசையமைப்பாளரின் மேசையில் கிடந்த ஒரு கெட்டி பிக்கைக் கேட்டு வாங்கினார். நாற்பது வருஷமாக எத்தனையோ பேர் முன் வாசித்தவர், கை விழுந்ததைக் காட்டுவதற்காக அன்று வாசித்தார்.

எட்டாவது அடியில் பிக் சுழன்றது. இறுக்கிப் பிடித்தார். பன்னிரண்டாவதில் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். விரல்களுக்கு அது அகப்படவில்லை. இசையமைப்பாளரே எடுத்துக் கொடுத்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நம்புறேண்ணா," என்றார் மெதுவாக. "அப்பாவுக்கு வந்துச்சு. இப்ப உங்களுக்கு. அப்போ இது உங்க ரத்தத்துலயே இருக்கு."

"தம்பி கையை நீயே வந்து பாரு. வாசிக்கச் சொல்லிக் கேளு."

"இன்னைக்கு நல்லாத்தான் வாசிப்பாரு. நடுவழியில விட்டுட்டா நான் யாரைத் தேடுறது? மன்னிச்சுக்கங்க."

பெரியவர் வெளியே வந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நம்பினாரா?"

"நம்பிட்டாரு," என்ற பெரியவர், மீதியையும் ஒளிக்காமல் சொன்னார்.

சின்னவர் சண்டை போடுவார் என்றுதான் எதிர்பார்த்தார். தம்பியோ தன் கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் சேர்த்து அழுத்திப் பார்த்தார். விட்டு, மறுபடி அழுத்தினார்.

"அண்ணா, உனக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"