அடியில் வைத்த ஏசி

முதலாளி காசிராஜன் கேரவன் வண்டி கட்டப் போகிறார் என்ற செய்தி சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு வந்த நாளிலேயே, அதன் சாவி தன் கைக்குத்தான் வரும் என்று காளீஸ்வரன் முடிவு செய்துவிட்டான். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் கார் ஓட்டுகிறவன் அவன்.

அன்பரசன் நேற்று வந்தவன். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேலையாட்களை ஏற்றி வரும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவனை, ஒருநாள் அவசரத்துக்குக் காரில் உட்கார வைத்தார்கள். இறங்கும்போது முதலாளியம்மா பத்திரகாளி, "இந்தப் பையன் ஓட்டுனா பள்ளம் மேடே தெரியல" என்றார். அன்றைக்குக் காளீஸ்வரன் வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தான். பெண்டாட்டி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொன்னான்.

ஆர்டர் பிடிக்க ஆந்திரா, தெலுங்கானா என்று சுற்றும் காசிராஜனுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. கரூரில் கட்டுவதாக ஏற்பாடு. வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு டிரைவர்களையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏசியக் கூரை மேல வைக்கவா, தரைக்கு அடியில வைக்கவானு பாடி கட்டுறவன் கேக்கான். ஓட்டப் போறது நீங்கதான. சொல்லுங்க."

அன்பரசன் முந்திக்கொண்டான். "மேலயே வச்சிருவோம் மொதலாளி. அப்பத்தான் கீழ டிக்கி முழுசும் நமக்குக் கெடைக்கும். தண்ணி கேன், அரிசி மூட, கடைக்காரகளுக்குக் காட்டுற சாம்பிள் பெட்டி எல்லாம் அடியில போயிரும். நம்ம ரோட்டுப் புளுதியும் அம்புட்டு ஒசரத்துக்கு ஏறாது."

சரியான பேச்சு. காளீஸ்வரனும் அதையேதான் சொல்ல நினைத்திருந்தான். அன்பரசன் சொல்லிவிட்ட பிறகு அதையே திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

"மேல வச்சா படுத்திருக்கும்போது தலைக்கு மேல தடதடனு சத்தம் கேக்கும் மொதலாளி. தூக்கம் எங்கன வரும்? திருப்பத்துல வண்டியும் ஆடும். கூரையில ஓட்ட போட்டா மளைக்கு ஒளுகும். புளியமரக் கெளை எதாச்சும் இடிச்சா ஏசியே போச்சு. அடியில வைங்க. டிக்கியில பாதி போகும், போகட்டும்."

"காளி சொல்றதும் சரிதான்," என்றார் காசிராஜன்.

"அண்ணன் அனுபவஸ்தர்ல," என்று அன்பரசன் சிரித்தான். அவன் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் காளீஸ்வரனுக்கு அன்றைக்கு நல்ல பசி எடுத்திருக்கும்.

பங்குனியில் வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, கருப்புக் கண்ணாடியோடு. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது காளீஸ்வரன்தான். நிமிர்ந்து பார்த்தபோது முதலாளி சாவியை அன்பரசன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா அன்பு. காளி, நீ ஊருக்குள்ள காரப் பாத்துக்க. நீள ஓட்டத்துக்கு எளவட்டம் வேணும்."

காளீஸ்வரன் தலையாட்டினான். வண்டி நகர்ந்ததும் நசுங்கிய எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி ஓரமாய்ப் போட்டான்.

முதல் ஓட்டம் ஹைதராபாத். திரும்பி வந்த பத்திரகாளி வாசலிலேயே நின்று சொன்னார்: "வீட்டுல கூட நான் இப்படித் தூங்குனதில்ல. ஏசி ஓடுறதே தெரியல. அன்பு ஓட்டுறதும் தெரியல."

ஏசி ஓடுவது தெரியாமல் போனது யாரால்? அதை எப்படிக் கேட்பது? காளீஸ்வரன் கார்க் கண்ணாடியைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தான்.

டீக்கடையில் அன்பரசனிடம் மெதுவாக விசாரித்தான். "டிக்கி பத்துச்சா லே?"

"பத்தல அண்ணே. சாம்பிள் பெட்டியெல்லாம் இன்னொரு படுக்கையில அடுக்கிட்டோம். மொதலாளி ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் காளீஸ்வரனுக்கு வருத்தம். அன்று முதல் அவன் ஒரு விசித்திரமான வேண்டுதலில் இறங்கினான். தான் சொன்ன யோசனை தோற்க வேண்டும். ஏசி நிற்க வேண்டும், அன்பரசன் கையில் நிற்க வேண்டும். ஷெட் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து வண்டியின் வயிற்றைப் பார்ப்பான். காற்று உள்ளே போகிற வலையில் புழுதி படிந்து வந்தது. கரிசல் தூசியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருந்தன. அதைக் கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சித்திரையில் முதலாளியும் அம்மாவும் கேரவனிலேயே குலதெய்வம் கும்பிடக் கிளம்பினார்கள். கோயில் வெம்பக்கோட்டை தாண்டி, மண் பாதையில். நடு மதியத்தில் காளீஸ்வரனின் போன் அடித்தது. அன்பரசன் பேர் தெரிந்தது. அடித்து ஓயும்வரை விட்டான். மறுபடி அடித்தபோதும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான்.

"அண்ணே, ஏசி நின்னுருச்சு. அம்மாவுக்குத் தல சுத்துது. காரக் கொஞ்சம் வெரசா கொண்டாங்க."

வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அணைக்கட்டுப் பக்கம் திரும்பி, கருவேலங்காட்டோரம் நின்ற வண்டியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. உள்ளே இருக்க முடியாமல் பத்திரகாளி படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு. உதடு வெளுத்திருந்தது. காளீஸ்வரன் ஓடிப்போய் அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குள் உட்கார வைத்து, ஏசியைக் கூட்டினான்.

"வந்தீகளா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

காசிராஜன் பின்னாலேயே வந்தார். "நீதான காளி அடியில வைக்கச் சொன்ன? ரோட்டுப் புளுதி பூரா தின்னுட்டு நின்னு போச்சு பாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து அன்பரசன் ஊர்ந்து வெளியே வந்தான். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணன் மேல தப்பில்ல மொதலாளி. கெளம்பயிலயே நான் வலையக் கழட்டிக் களுவியிருக்கணும். கவனிக்காம விட்டுட்டேன்."

"அப்ப சாவியக் காளிகிட்டக் குடு. இனி நீ காரப் பாரு," என்றார் முதலாளி.

சாவி காளீஸ்வரன் உள்ளங்கையில் விழுந்தது. இத்தனை நாள் ஆசைப்பட்டது. ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை. ஒருவன்மேல் பொறாமைப்பட அவன் கொஞ்சமாவது கெட்டவனாக இருக்க வேண்டும். இவன் அதற்கும் வழி வைக்கவில்லை. 'வலையைப் பார்த்தேன், தெரிந்தேதான் சும்மா இருந்தேன்' என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

அன்பரசன் முகத்தைக் கழுவிக்கொண்டு, முதலாளியையும் அம்மாவையும் காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டான். காளீஸ்வரன் தனியாக வண்டிக்கு அடியில் படுத்து, வலையைக் கழற்றி, கேன் தண்ணீரை ஊற்றி அலசினான். மாட்டி, எஞ்சினை ஓட விட்டதும் ஏசி எழுந்தது. சத்தமே இல்லை. குளிர்ந்த காற்று தரையிலிருந்து கிளம்பி ஆளில்லாத படுக்கைவரை போனது. அவ்வளவு பெரிய வண்டியை ஒற்றை ஆளாகச் சிவகாசிக்கு ஓட்டி வந்தான்.

அதன்பிறகு கேரவன் ஷெட்டில்தான் நின்றது. ஆர்டர் எடுத்து முடிந்துவிட்டது. இனி அடுத்த சீசனுக்குத்தான் நீள ஓட்டம். கார் தினமும் ஓடியது. விருதுநகருக்கு, காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்கு, பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு. எல்லாவற்றுக்கும் அன்பரசன். பின் சீட்டில் பத்திரகாளி ஓயாமல் பேசிக்கொண்டே போவார். தன்னிடம் அவர் அப்படிப் பேசியதுண்டா என்று காளீஸ்வரன் யோசித்துப் பார்த்தான்.

ஒருநாள் காலை காரை ஷெட் வாசலில் நிறுத்தினான் அன்பரசன்.

"அண்ணே, ஏசி ஓடுதானு அம்மா கேட்டாக."

"ஓடுது."

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. நீ போ லே, அம்மா காத்திருப்பாக."

கார் நகர்ந்து தெருமுனையில் திரும்பியது. தான் ஓட்டியபோது அது இவ்வளவு பதமாகத் திரும்பியதில்லை என்று காளீஸ்வரனுக்குப் பட்டது.