ஓகேயின் இடம்

1

என் பெயர் திருமாறன். வயது இருபத்து நான்கு. இருப்பது ஸ்வீடனில், உமியோ நகரத்தில். குளிரில் விரல் விறைத்திருப்பதால் கைபேசியிடம் வாயால் சொல்லி எழுதுகிறேன். "வேலை இருக்காடா, இல்லையாடா?" என்று போனில் கேட்டாயே அக்கா, அந்தக் கேள்விதான் இந்தக் கதை. 'நான்' என்று தொடங்கினால் கதை நகரவில்லை. இனி 'அவன்'.

2

பனி கொட்டிய அந்தக் காலையில்... [வேண்டாம். இங்கே எல்லாக் காலையும் அப்படித்தான்.]

அவனுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முதலாளி ஷெர்ஸ்டின் அன்று சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் பனிச்சறுக்குப் போட்டியின் இணையதளத்துக்கு அவன் செய்த பெயர்ப் பட்டியலைப் பார்க்க, போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் ஓகே வந்திருந்தார்.

[ஓகே என்பது சம்மதம் இல்லை, அவர் பெயர். எழுதுவது Åke. கைபேசிக்கு இது கடைசிவரை புரியவில்லை.]

திரையைப் பார்த்ததும் ஓகே காப்பியைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, Ågren, என் பேத்தியோட குடும்பப் பேரு, அது மேல என்ன பண்ணுது? Å எழுத்து Z-க்கு அப்புறம்தானே வரணும்? எழுபது வருஷமா கடைசில நின்னவங்க நாங்க."

"அதுல இவ்ளோ பெருமையா?" ஷெர்ஸ்டின் சிரித்தார்.

"பின்ன? அது தனி எழுத்தும்மா. A-க்குத் தொப்பி போட்டு விட்டதுன்னு நெனச்சியா?"

3

இங்கே அவன், "கணினில ஏதோ கோளாறு" என்று சமாளிப்பதாக ஒரு வரைவு இருந்தது. ஷெர்ஸ்டின் நம்பியும் விட்டார். அழித்துவிட்டேன். அந்தப் பையனோடு ஒரு பத்திகூடக் குடியிருக்க முடியவில்லை.

நடந்தது இது:

"தப்பு என்னோடதுதான். எந்த மொழி வரிசைன்னு நான் சொல்லல. என் கணினி இங்கிலீஷ்ல இருக்கு, அது பாட்டுக்கு அடுக்கிடுச்சு. உங்க வீட்டு ஸ்வீடிஷ் கணினில சரியாத் தெரியும்."

"அப்போ வீட்டுக்கு வீடு என் பேரு இடம் மாறுமா?"

"இனி மாறாது. ரெண்டே எழுத்து."

பெயர்கள்.sort((a, b) => a.localeCompare(b, 'sv'));

[முன்பு அந்த 'sv' இல்லை. அது ஸ்வீடிஷ் மொழியின் குறி. குறிப்பிடாவிட்டால் பார்ப்பவரின் கணினியே மொழியை முடிவு செய்துவிடும்.]

பட்டியல் ஒரு குலுக்கு குலுங்கியது. Zetterberg-ஐயும் தாண்டிப் போய் நின்றது Ågren.

"வந்துட்டா பாரு என் பேத்தி!" ஓகே மேசையைத் தட்டினார். "இவனை விட்டுடாத, ஷெர்ஸ்டின்!"

"விடுறதாவது! மாறா, திங்கக்கிழமை சீக்கிரம் வா. வேலை ஒப்பந்தத்துல கையெழுத்து போடணும்."

"ஓகே!" என்று கத்தினான் அவன்.

"என்னப்பா?" என்றார் ஓகே.

4

அது சம்மதமா, அவரைக் கூப்பிட்டதா? அவனுக்கே தெரியாது. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உன் பள்ளி இணையதளப் பெயர்ப் பட்டியலில் வெறும் sort() போட்டிருந்தால் கமலாவுக்கு முன்னால் கனகா நிற்பாள். கணினியின் குறியீட்டு வரிசையில் ம-வுக்கு முன்னால் ன வருகிறது; நம் வரிசையில் ன அல்லவா கடைசி எழுத்து? மேலே உள்ள வரியில் 'sv'க்குப் பதில் 'ta' போடு. இதைப் படிப்பவர் யாரானாலும் போட்டுப் பார்த்துவிட்டு, கமலா முதலில் வந்தாளா என்று எனக்குச் சொல்லுங்கள்.