பெண்கள் எழுதாத போர்

"பிழையை மட்டும் பாருக்கா. கருத்தை எதுக்குப் பாக்குற?"

பேராசிரியர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். எதிரே அவருடைய அக்கா, ப்ரூஃப் தாள்களின் மேல் சிவப்புப் பேனாவை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போர்க்காலக் கவிதைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அது. காலம்தான் கவிஞனின் கையைப் பிடித்து எழுதவைக்கிறது என்று முன்னுரையில் முழங்கியிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரி: 'அந்தப் போரைப் பற்றி எந்தப் பெண்ணும் எழுதவில்லை.'

"பொய்யை எப்படிடா திருத்தாம விடறது?"

"ஆதாரம் இருந்தா காட்டு."

எதைக் காட்டுவாள்? போரில் கணவன் செத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்த அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நோட்டு நிறையக் கவிதை எழுதினாள். விதவை கவிதை எழுதுகிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று, தன் கல்யாணப் பேச்சு எடுத்த வாரமே அந்த நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டவர் இந்தத் தம்பிதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் இப்போது ஆதாரம் கேட்கிறார்!

அக்கா இதைச் சொல்லி முடித்தபோது, தட்டை எடுக்க வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணாவது ஞாபகம் இருக்கா அண்ணி?"

அக்கா தாளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சாவுச் செய்தி வந்த கடிதத்தில்
எழுத்தெழுத்தாய்ப் பிழை தேடினேன்.
உன் பெயரைச் சரியாகத்தான்
அடித்திருந்தார்கள்."

"பொம்பளைங்க புலம்பல் எல்லாம் வரலாறு ஆயிடுமா?" கைகழுவிக்கொண்டே கேட்டார் பேராசிரியர்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ அதை எரிச்சுட்டுத்தான் என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"அச்சகத்துக்கு நேரமாச்சு. ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க."

அக்கா வேலையைப் பார்த்தாள். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தாள். ஓரத்தில் குண்டு குண்டாக எழுதினாள்: 'எழுதினார்கள். என் அக்காவின் கவிதைகளை நான் எரித்தேன்.'

பக்கத்தில் நின்ற மனைவி அதைப் படித்தாள். தாள்களை அடுக்கிக் கணவன் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. நானே அச்சகத்துல குடுத்துட்டு வரேன்."

அச்சிடலாம் என்று எழுதி, பட்டங்களோடு கையெழுத்துப் போட்டார் பேராசிரியர். அக்கா எழுதியதை அவர் என்றைக்குமே படித்ததில்லை. அந்த நோட்டையும் படிக்காமல்தான் எரித்தார்.