தேரைக்கு யாரும் பதில் எழுதவில்லை

பூவாளிக்குள் ஒரு தேரை குடிவந்திருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன லிஃப்ட்டுக்காரர் உள்ளே இரண்டு கண்கள் மின்னுவதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். வீட்டுக்குள் போய்க் கைபேசியை எடுத்து வந்து, முழங்கால் கடுக்கக் குந்தி உட்கார்ந்து, விதவிதமாகப் படம் எடுத்தார். தேரை கொஞ்சம் கம்பீரமாகத் தெரிந்த ஒன்றைப் பொறுக்கி, ‘வாடகை பேசாமலே வந்துவிட்டார்’ என்று கீழே எழுதி, ‘நம்ம வீடு’ என்ற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் லிஃப்ட் பழுதுபார்த்து அதன் குழிகளுக்குள்ளேயே கிடந்தவர். இருட்டு, கிரீஸ் நாற்றம், தலைக்கு மேலே தொங்கும் இரும்புக் கயிறு, இவைதான் அவர் பார்த்த உலகம். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அந்தப் பெயர்தான் நிலைத்தது. பட்டப்பகலில் சும்மா உட்கார்ந்து ஒரு அணிலைப் பார்க்க முடிகிறது என்பதே அவருக்குப் பெரிய ஆடம்பரமாக இருந்தது.

அந்தக் குழுவைத் தொடங்கியவள் அவர் மனைவி. அவள் இருந்தவரை படம் போட்ட மறு நிமிடம் சமையலறையிலிருந்தே பதில் வரும். ‘ஓணானைப் பார்த்தது போதும், காப்பி ஆறுது’ என்று ஊரறியக் குழுவில் எழுதுவாள். அவள் போன பிறகு காப்பியும் அவரே போட்டுக்கொண்டார், படமும் அவரே போட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் தோட்டத்துப் படம். சாயங்காலம் கடற்கரை நடையில் கண்ணில் பட்டது எதுவோ அது: ஒற்றைச் செருப்பு, கரை ஒதுங்கிய ஜெல்லி மீன், காற்றோடு மல்லுக்கட்டும் கடற்பறவை. இருட்டியதும் தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர். அதில் வரும் இன்ஸ்பெக்டர் எங்கே போனாலும் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவர். லிஃப்ட்டுக்காரருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ‘தோட்டக்காரன் மேல பழி போடறாங்க. கொன்னது டாக்டர்தான், பாருங்க’ என்று விளம்பர இடைவேளையில் எழுதுவார். ஆமாம் என்றும் யாரும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு ஆயிரம் வேலை, எழுத நேரமில்லாவிட்டாலும் பார்த்திருப்பார்கள் என்று அவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

மகன் வேறு ஊரில் இருந்தான். அந்த மாதம் இரண்டு நாள் அவனிடம் போய்விட்டுக் கிளம்பும்போது, அவன் தன் கைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். “டாக்ஸி டிரைவர் கூப்பிட்டா எடுத்துப் பேசுங்கப்பா.”

டிரைவர் கூப்பிடவில்லை. காத்திருந்த நேரத்தில், தேரைப் படம் இவனுடைய பெரிய திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை வந்தது. குழுவைத் தேடினார். மேலே இல்லை. கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தும் இல்லை. கடைசியில் வேண்டாதவற்றை ஒதுக்கி வைக்கும் இடத்தில், வங்கி விளம்பரத்துக்கும் பழைய வாடகை வீட்டுக் குழுவுக்கும் நடுவே, சத்தம் அடைத்து வைத்ததைக் காட்டும் மணிப் படத்தோடு ‘நம்ம வீடு’ கிடந்தது. பிரிக்காத செய்திகளின் எண்ணிக்கை பக்கத்தில் பச்சையாக நின்றது. விரல் பட்டதும் அது திறந்துகொண்டது. தேரை, அணில், அலை, டாக்டர், அத்தனையும் ஒரே நொடியில் படித்ததாக ஆகிவிட்டன.

அவர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

டாக்ஸியில் ஏறும்போது மகன் கதவைப் பிடித்துக்கொண்டு, “போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போட்டுடுங்கப்பா” என்றான்.

“சரிப்பா” என்றார்.

ஊர் திரும்பியவர் குழுவில் எதுவும் போடவில்லை. கை அரித்தது. செம்பருத்திக் கிளையில் தேன்சிட்டு நார் நாராகக் கொண்டுவந்து கூடு பின்னத் தொடங்கியிருந்தது. படம் எடுத்தார், எடுத்ததைப் பார்த்தார், கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் ஒன்றும் காணோம் என்று மகன் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளும் கேட்கவில்லை. அவருடைய தங்கை மட்டும் வழக்கம்போல ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் அனுப்பினாள். அதை அவள் எல்லாக் குழுவுக்கும் அனுப்புகிறவள்.

ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மாமா... உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?”

குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மகனைக் கட்டி, ஒத்துப்போகாமல், விவாகரத்து வாங்கிக்கொண்டு போன மருமகள். அவள் போன பிறகு அவளிடம் பேச்சுவார்த்தையே கிடையாது.

“நல்லாத்தாம்மா இருக்கேன். நீ எப்படி இருக்கே?”

“இருக்கேன். மாமான்னு கூப்பிடலாமான்னு தெரியலை. வேற எப்படிக் கூப்பிடறதுன்னும் தெரியலை.”

“அப்படியே கூப்பிடு.”

“படம் எதுவும் வரலையேன்னு பயந்துட்டேன். அந்தத் தேரை என்ன ஆச்சு?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது. அவளைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவே இல்லை.

“எப்படியும் நீக்கிடுவாங்க, நாமளா எதுக்குப் போகணும்னு முதல்ல ரோஷமா இருந்தேன்” என்றாள் அவள். “அப்புறம் உங்க படத்துக்காகவே இருந்துட்டேன். நான் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில இருக்கேன் மாமா. பின்னாடி ஸ்டோர் ரூம்ல, அட்டைப்பெட்டி மேல உக்காந்து தனியாத்தான் சாப்பிடணும். அப்ப உங்க கடலைப் பார்ப்பேன். அந்தத் தொடரையும் பார்க்கறேன். டாக்டர்னு நீங்க சொன்னது தப்பு.”

“தப்புதான்” என்று சிரித்தார். சிரித்து நாளானதால் தொண்டை கமறியது. தேரை இன்னும் பூவாளியிலேயே இருப்பதையும், தான் இப்போது சொம்பால் மொண்டு ஊற்றுவதையும் சொன்னார். படம் நின்றுபோன காரணத்தை அவளும் துருவவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தேன்சிட்டுக் கூட்டின் படம் குழுவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில், அத்தனை காலமும் வாய் திறக்காமல் இருந்தவள், ‘முட்டை இருக்கா மாமா?’ என்று எழுதிவிட்டாள்.

தங்கை பார்த்துவிட்டாள். பார்த்த கையோடு மகனுக்குச் சொல்லிவிட்டாள். அவன் அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டான்.

“அவ ஏம்பா இன்னும் அதுல இருக்கா?”

“இருந்தா என்னப்பா?”

“அது நம்ம குடும்பக் குரூப்.”

“குடும்பத்துல யாரு பார்க்கறீங்க அதை?”

“வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான். சற்று நேரத்தில் அவளை நீக்கிய தகவல் குழுவில் சாம்பல் நிற வரியாக வந்து நின்றது. தொடர்ந்து கூட்டின் படத்துக்கு மகனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு வாரம் எல்லாப் படத்துக்கும் தவறாமல் கட்டைவிரல் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

லிஃப்ட்டுக்காரர் அவளுக்குத் தனியாக அனுப்பத் தொடங்கினார். மகன்மேல் கோபித்துக்கொண்டு குழுவை விடவும் மனம் வரவில்லை, அது மனைவி வைத்த பெயர். ஆகவே ஒரே படத்தை இரண்டு இடத்துக்கும் போட்டார். பதில் ஓரிடத்திலிருந்துதான் வந்தது. தொடர் ஓடும் நேரத்தில் சில நாள் அவள் கூப்பிட்டு, கைபேசியை மடியில் வைத்துக்கொள்வாள். அவரும் அப்படியே செய்வார். இரண்டு வீட்டிலும் ஒரே வசனம் அரை நொடி முன்பின்னாகக் கேட்கும். இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்காகப் பையைத் துழாவும்போது இருவரும் சேர்ந்து, “போச்சுடா” என்பார்கள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அவள் சொன்னாள். “மாமா, எங்க ஆஸ்பத்திரி லேப்ல ஒருத்தர் இருக்கார். கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேசியிருக்கோம். எனக்கு அப்பா இல்ல. உங்ககிட்ட சொல்லலாமா கூடாதான்னு நாலு நாளா யோசிச்சேன்.”

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். “சொன்னதுதாம்மா சரி. நல்லவரா?”

“நிதானமானவர்.”

“அது போதும். சந்தோஷமா இரு.” வாய்ச்சொல்லாக இல்லாமல் நிஜமாகவே அவருக்குச் சந்தோஷம் வந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மறக்கவில்லை. ஆனால் பதில்கள் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயின, பிறகு மறுநாளுக்கு. ‘வீட்டில் ஆட்கள் மாமா, நாளைக்குப் பார்க்கிறேன்’ என்று வரும். இப்போதெல்லாம் அவள் ஸ்டோர் ரூமில் தனியாகச் சாப்பிடுவதில்லையாம். நல்லதுதானே என்று அவர் அடுப்படியில் நின்று சத்தமாகவே சொல்லிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அமாவாசையானதால் கடல் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கியிருந்தது. என்றும் தண்ணீருக்குள் கிடக்கும் பாறைகள் பாசியோடு வெளியே தெரிந்தன. அவற்றின் குழி ஒன்றில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன் ஒன்று சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷ நடையில் அவர் அதைப் பார்த்ததில்லை. வழுக்கும் பாறையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, நிழல் விழாமல் குனிந்து படம் எடுத்தார்.

அவளுக்கு அனுப்பினார். குழுவிலும் போட்டார். பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அதை அணைத்துப் பையில் வைத்துவிட்டு, தண்ணீர் திரும்பி வந்து செருப்பு நனையும்வரை நட்சத்திர மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.