கஞ்சித் துணியில் எழுந்த மலை

1969ஆம் ஆண்டு திருப்பதியில் நடைபெற்ற மாவட்ட அறிவியற் கண்காட்சியில் அறிவியல் ஆசிரியனாகிய நானும் ஒரு நடுவன். முதற்பரிசு பெறுபவர் மாநிலக் கண்காட்சிக்கு ஹைதராபாத் செல்வர். நகரி நெசவாளர் ஒருவரின் மகளாகிய அம்சவேணி, கஞ்சியிட்ட துணியை மேசைமேல் விரித்து, ஒரு முனையைப் பலகையால் தடுத்து, மறுமுனையைத் தள்ளினாள். துணி மடிப்பு மடிப்பாக எழுந்தது.

“இது இந்தியா சார். கடலுக்கு அடியில தரை பிளந்து புதுப்பாறை வந்துக்கினே இருக்குது. வருசத்துக்கு ரெண்டு அங்குலம், நம்ம நாடு வடக்கால நகர்ந்து ஆசியாவ முட்டிக்கினு நிக்குது. அதான் இமயமலை இன்னும் ஒசந்துகினு இருக்குது.”

“நாடு என்ன ரயில்வண்டியா, ஓட்டிக்கினு போக? நீங்க நகரிக்காரங்க எந்த ஸ்டேஷன்ல எறங்குவீங்க?” என்று சிரித்தேன். கூடியிருந்தோரும் சிரித்தனர். அவள் தந்தை ஓரமாக நின்றிருந்தார்.

பூமி குளிர்ந்து சுருங்கியமையால் மலைகள் தோன்றின என்றது எங்கள் பாடநூல். நூலில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை என்பது எங்கள் வழக்கம். சுழியம் இட்டேன்.

1978இல் சித்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்குப் புதிய பாடநூல் வந்தது. அவள் கூறியதே அதிற் பாடமாக இருந்தது. விளக்க வேறு வழி அறியாது, கஞ்சித் துணியை விரித்தேன். பார்வையிட வந்திருந்த கல்வி அதிகாரி வியந்தார்.

“வேதநாயகம் சாரோட சொந்த ஐடியாங்க,” என்றார் தலைமையாசிரியர் அசரியா.

நான் தலைகுனிந்தேன். அதனை அடக்கம் என்றெண்ணினர். அவரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன்.

அவ்வாண்டே மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போடப் புத்தூர் சென்றேன். வரிசையில் எனக்குப் பின்னால், கால் வீங்கிய தந்தையுடன் அம்சவேணி.

“சார்! என் தங்கச்சி உங்க இஸ்கூல் ஆஸ்டல்லதான் இருக்கா. துணி வச்சிக் காட்னீங்களாமே! நல்லா மடிஞ்சுதா?”

“மடிஞ்சுதும்மா. நீ இப்போ...?”

“பவர்லூம்ல வேல சார்.”

“நான்தான் படிப்ப நிறுத்திட்டேன் சார்,” என்றார் தந்தை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “திருப்பதில எவனோ ஒரு வாத்தியார், வயசுப் பொண்ண நிக்க வச்சி, ஊரே சிரிக்கற மாதிரி...”

“சும்மா இரு நைனா,” என்று அவர் கையை அழுத்தினாள் அம்சவேணி.

வீடு திரும்பியதும் கல்வி அதிகாரிக்குக் கடிதம் எழுத அமர்ந்தேன். வலக்கையில் முறிவுக்குக் கட்டிய மூங்கிற்பட்டை. ஆகவே நான் சொல்லச் சொல்ல, மனைவி எலிசபெத் எழுதினாள். ‘அப்பெண்ணைப் பார்த்து முதலிற் சிரித்தவன் நானே’ என்ற வரியில் அவள் பேனா நின்றது.

“எழுது,” என்றேன், சுவரைப் பார்த்தவாறு.