சீனி பூசிய கொய்னா

காஜா பெராங்கில் சங்கத்துக் கட்டடத்தின் பின்கொட்டகையில் இலவச மருந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சேதுராமனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜப்பான்காரன் காலம். உடுத்தத் துணியில்லை, உலையில் போட அரிசியில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று ஊரே கால் வீங்கிக் கிடந்தது. குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கள்ளச் சந்தையில்கூடக் கிடைக்காத நேரத்தில் கலியாணசுந்தரம் மட்டும் எங்கிருந்து அள்ளிக் கொடுக்கிறார்?

கலியாணசுந்தரம் ஊர்த் தமிழர் சங்கத்தின் தலைவர். சேதுராமனோ செயலாளர் மாணிக்கவாசகத்தின் ஆள். சங்கம் ஒன்றுதான், கோஷ்டி இரண்டு. தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் தும்மினால்கூட அதில் ஏதோ சூது இருக்கிறது என்று நம்பக்கூடியவர் சேதுராமன். அவர் தோளில் கைபோட்டு, "எல்லாம் ஓட்டுக்குத்தான் சேது. போய் என்னான்னு பாரு" என்று அனுப்பி வைத்ததே மாணிக்கவாசகம்தான்.

கொட்டகை வாசலில் நீண்ட வரிசை. உள்ளே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக்கொண்டிருந்த டிரசர் ராஜரத்தினம் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் அஞ்சலை, வீட்டில் நடுங்கிக் கிடக்கும் புருசனுக்காக வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"தங்கச்சி, அத இப்படிக் காட்டு" என்று சேதுராமன் கை நீட்டினார். ஒரு மாத்திரையை எடுத்து நுனி நாக்கில் வைத்தார். இனித்தது.

அந்த வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து, தகரக் குவளையில் கொய்னாத் தண்ணியை வாயில் ஊற்றி வளர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கசந்தால்தான் கொய்னா.

"இனிக்குதுய்யா!" என்று சேதுராமன் கூவினார். "சீனி தடவுன மாவு! எந்த ஊர்லய்யா கொய்னா இனிக்கும்? ஓட்டு வாங்க நம்ம உசிரோட வெளையாடுறாங்க!"

ராஜரத்தினம் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "அண்ணே, மேலதான் சீனி. தொர வீட்டுப் புள்ளைங்களுக்குன்னு வந்த மாத்திர இது. வெள்ளக்காரன் ஓடுறப்ப தோட்டத்து ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போனான். உள்ள கசக்கும்ணே."

"நீ தலைவரோட மச்சான். வேற எப்படிப் பேசுவ?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் காலத்தில் அரளாதவன் யார்? வரிசை முணுமுணுத்தது, பிறகு கலைந்தது. அஞ்சலை மட்டும் கையிலிருந்த பொட்டலத்தையும் சேதுராமனையும் மாறி மாறிப் பார்த்தாள். மளிகைக்கடைக்காரர், நாலெழுத்துப் படித்தவர், பொய்யா சொல்லப் போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டுவிட்டு நடந்தாள்.

ஆள் வராத கொட்டகை சீக்கிரமே மூடப்பட்டது. மிச்ச மருந்தோடு ராஜரத்தினம் புக்கிட் ரம்பாய் பக்கம் போய்விட்டார். தேர்தலில் மாணிக்கவாசகம் கோஷ்டி ஜெயித்தது. சேதுராமன் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது.

மாலை வாடிக் கொஞ்ச நாளில் அவர் மகள் விஜயா படுத்துவிட்டாள். சாக்கைப் போட்டு மூடினாலும் குளிர் நிற்கவில்லை. குளிர் விட்டால் உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. வேப்பிலைக் கஷாயத்துக்கும் காய்ச்சல் கேட்கவில்லை. பிள்ளை பிதற்றத் தொடங்கியதும் மனைவி ருக்மணி, "ஊருக்கெல்லாம் பேசுறீங்களே, எம் புள்ளைக்கு ஒரு மருந்து கொண்டாங்க" என்று அழுதாள்.

சேதுராமன் மாணிக்கவாசகம் வீட்டுக்கு ஓடினார். முன்னறையில் செயலாளரின் மகன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் காய்ச்சல் என்று போன வாரம்தான் பேச்சு. அவன் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் அதே வெள்ளை மாத்திரைகள்.

"ஐயா, இது... தலைவர் கொட்டாய் மாத்திரைல்ல?"

"ஆமா. அப்பவே ஆள விட்டு வாங்கி வச்சேன். நல்ல மருந்துப்பா. இவன் பொழச்சதே இதுலதான்."

"தெரிஞ்சிருந்துமா என்னைய அனுப்புனீங்க?"

"போய்ப் பாருன்னுதான சொன்னேன்? மாவுன்னு நானா சொன்னேன்? கட்சி வேற, காய்ச்ச வேற, சேது."

"சரிங்கய்யா, எம் மவளுக்கு நாலு மாத்திர குடுங்க."

"இருக்கறது இவனுக்கே பத்தாது" என்று சொல்லிவிட்டு மாணிக்கவாசகம் குப்பியை எடுத்து உள்ளே வைத்தார்.

உலகத்திலுள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை மட்டும் நம்பித் தொலைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, டயருக்குப் பதிலாக ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் சேதுராமன் புக்கிட் ரம்பாய்க்கு மிதித்தார்.

அங்கே ஒரு மரத்தடியில் ராஜரத்தினம் மாத்திரைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல்காரர்கள் எட்டவே நின்றார்கள். சைக்கிளை விட்டு இறங்கிய சேதுராமனை ஒரு கிழவர் தடுத்தார்.

"வாங்காதீங்க தம்பி. அது மாவு. காஜா பெராங்ல சேதுராமன்னு ஒரு பெரிய மனுசன் நக்கிப் பாத்தே சொல்லிட்டாராம்."

அவர் சொன்ன பொய் அவருக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது. சேதுராமன் தலை குனிந்தபடி டிரசர் முன் போய் நின்றார். "எம் மவளுக்குக் காய்ச்ச, தம்பி."

ராஜரத்தினம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மடித்துக் கொடுத்தார். அப்போதும் பாருங்கள், எதிர்க்கோஷ்டிக்காரன் நல்லதைத்தான் கொடுக்கிறானா என்று அந்த மனம் ஒரு கணம் கேட்டது! ஒரு மாத்திரையை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார். கசப்பு தொண்டைவரை இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. அது கசப்பினால் மட்டும் வந்ததல்ல.

"நாந்தாங்க அந்தச் சேதுராமன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இது அசல் கொய்னா. கோஷ்டி வெறியில பொய் சொல்லிட்டேன். மருந்து எந்தக் கட்சிக்காரன் கையால வருதுன்னு பாக்காதீங்க. நோவு தீருதான்னு மட்டும் பாருங்க. நோவுக்கு ஏதுய்யா கட்சி?"

கூட்டம் தயங்கித் தயங்கிப் பெட்டியை நெருங்கியது. பொட்டலத்தை இடுப்பில் முடிந்துகொண்டு சேதுராமன் சைக்கிளைத் திருப்பினார். விஜயாவைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து வழியில் நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. புருசன் அந்தக் காய்ச்சலில் போன பிறகு இங்கே அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட அஞ்சலை.

"சீக்கிரம் போங்கண்ணே, புள்ளயக் காப்பாத்துங்க" என்றாள் அவள். "ஆனா, கடிச்சுப் பாக்கற பல்லு அன்னைக்கும் ஒங்க வாயிலதானண்ணே இருந்துச்சு?"